கறவைப் பசுவின் மடியழற்சியும் தடுப்பூசியும்

(கமநல சேவை நிலையமொன்றிற் கூடிய கமக்காரர்களுக்கு விவசாயப் போதனாசிரியர் ஒருவர் நிகழ்த்திய பேச்சு)



நெல்லுக்கும் மரக்கறிக்கும் பசளையிடுவதைப் பற்றிப் பேசவேண்டிய ஒருவன் இன்று மாட்டின் மடியைப் பற்றிப் பேச முற்படுவது உங்களுட் சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். உங்களிற் பலரின் வளவில் ஒரு பசுவோ இரண்டு பசுக்களோ நிற்கின்றன. பெரும்போக அறுவடைக்கும் சிறுபோக அறுவடைக்கும் இடையில் நாள்தோறும் கையிற் காசு வருவது அவற்றின் பாலினாலேயே. மிளகாய்க்கும் கத்தரிக்கும் வெங்காயத்துக்கும் நீங்கள் இடும் எருவும் அவற்றினுடையதே. ஆதலால் மடியைப் பற்றிப் பேசுவது கமத்தைப் பற்றிப் பேசுவதேயாகும்.

அண்மையில் நான் சென்ற கூட்டங்களில் ஒரு வினா திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டது. "தொண்டையடைப்பானுக்கு ஊசி போடுகிறார்கள், கால்வாய் நோய்க்கும் போடுகிறார்கள். மடிவீக்கத்துக்கு மட்டும் ஏன் போடுவதில்லை? அதற்கும் வெளிநாடுகளில் ஊசி உண்டாமே!" என்பதே அவ்வினா. கேட்டவர்கள் அறிந்தே கேட்டார்கள். அத்தகைய ஊசி உண்டு. ஆனால் அது செய்யக்கூடியது எது, செய்யமாட்டாதது எது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அதற்காகக் காத்திருப்பவர், காத்திருக்கும் காலத்திலேயே மாட்டின் ஒரு காம்பை இழந்துவிடுவார். அதனாலேயே இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

தடுப்பூசியின் வல்லமையை ஐயுற வேண்டியதில்லை. வெக்கை நோய் என்று நம் பெரியோர் அஞ்சிய கொடிய மாட்டுநோய் 1987 ஆம் ஆண்டில் இந்நாட்டினுள் மீண்டும் புகுந்து வடக்கிலும் கிழக்கிலும் பட்டிகளை அழித்ததை முதியோர் சிலர் நினைவில் வைத்திருப்பர். ஊசியேற்றி அதனை அடக்கினர். 2011 ஆம் ஆண்டில் உலகம் முழுவதிலிருந்தும் அந்நோய் ஒழிந்துவிட்டதென்று அறிவிக்கப்பட்டது. வோல்ற்றர் பிளௌறைற் என்னும் மிருகவைத்திய அறிஞர் கென்யாவில் ஆக்கிய தடுப்பு மருந்தே அவ்வெற்றிக்கு அடிப்படையாயிற்று. ஒருமுறை ஏற்றினால் மாட்டின் வாழ்நாள் முழுவதற்கும் போதுமானதாய் அது இருந்தது.

மடியழற்சியில் அவ்வாறு நிகழாமைக்குக் காரணங்கள் உண்டு. வெக்கை நோயை உண்டாக்கியது ஒரேயொரு வைரசு. அது மாட்டின் இரத்தத்தினுட் சென்றே தீங்கு செய்தது. மடியழற்சியையோ பல்வேறு வகைப் பற்றீரியாக்கள் உண்டாக்குகின்றன. அவை காம்பின் துளைவழியாக ஏறிப் பால் நிறைந்த மடியினுள்ளேயே குடியிருக்கின்றன. ஊசியினால் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருள்கள் பாலினுள்ளே சிறிதளவே கசிகின்றன. கசிவதும் பாலின் பெருக்கத்தினால் ஐதாகிவிடுகின்றது. இரத்தத்திலிருந்து மடிக்குட் செல்லும் வெண்குருதிக் கலங்கள் கிருமியை விழுங்க வேண்டியவை. ஆனால் அங்கே பாற்கொழுப்புத் துணிக்கைகளையும் பாற்புரதத்தையும் விழுங்கி வயிறு நிறைந்து மந்தமாகிவிடுகின்றன. காவலுக்கு அனுப்பிய ஆட்கள் விருந்து வீட்டில் இருந்துவிட்டதைப் போன்ற நிலை இது.

இக்கிருமிகளை இரு கூட்டமாகப் பிரித்து மனத்திற் கொள்ளுதல் நன்று; ஊசியின் பயன் கூட்டத்துக்குக் கூட்டம் வேறுபடுகின்றது. முதலாவது கூட்டம் மாட்டிலிருந்து மாட்டுக்குக் கறப்பவரின் கையாலும் துடைக்கும் துணியாலும் பரவுவது. ஸ்ரெப்ரோகொக்கஸ் அகலக்ரியே, ஸ்ரபிலோகொக்கஸ் ஓரியஸ் என்பன இதிற் சேர்ந்தவை. முதலாவதற்குப் பெனிசிலின் நன்கு பயன்படும். இரண்டாவதோ மடியின் தசையினுள் சிறு கட்டிகளை உண்டாக்கி, மாட்டின் கலங்களுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். மருந்து ஏற்றும்போது அடங்கியதுபோற் காட்டி, பின்னர் தலைகாட்டும். பழகிய நோயாதலால் மாடு உண்ணும், நடக்கும், சாணமிடும். பால் மட்டும் நாளுக்கு நாள் குறையும். "கன்று ஈன்று நாளாயிற்று, அதனாற் குறைகிறது" என்று வீட்டார் தம்மைத் தாமே ஆற்றிக்கொள்வர்.

இரண்டாவது கூட்டம் சாணத்திலும் சேற்றிலும் ஈரப் படுக்கையிலும் வாழ்வது. எசரிக்கியா கோலை என்பது அவற்றிற் பெயர்பெற்றது. இது வந்தால் ஒளிந்திருக்காது. கன்று ஈன்ற சில நாட்களுள், மாலையில் நன்றாயிருந்த பசு காலையில் எழாமற் கிடக்கும், காது குளிர்ந்திருக்கும், மடி கல்லாய் இருக்கும், பால் மஞ்சள்நீர்போல் வரும். அத்தகைய மாடு ஓரிரு நாட்களில் இறப்பதும் உண்டு. கண்ணூறு பட்டது, சாரைப்பாம்பு மடியிற் பால் குடித்தது என்று ஊரிற் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இதைப் பற்றியே. நாவூறு கழிப்பதை நான் தடுக்கவில்லை. மிருகவைத்தியருக்கு ஆளனுப்பிய பின்னர் கழித்துக்கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

இனித் தடுப்பூசிக்கு வருவோம். அமெரிக்காவில் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆராய்ச்சியாளர் ஜே 5 என்னும் கோலைக் கிருமியினத்தைக் கொன்று ஒரு தடுப்பு மருந்தை ஆக்கினர். அது 1990 ஆம் ஆண்டளவில் அங்கே வழக்கத்துக்கு வந்தது. சாதாரண கோலைக் கிருமிகள் தம் புறத்தே ஒரு போர்வையை உடையன. அப்போர்வை இனத்துக்கு இனம் வேறுபடும். ஜே 5 இனத்துக்கோ அப்போர்வை குறைவு. உள்ளிருக்கும் பொதுவான பகுதி வெளித்தெரியும். அப்பகுதியை மாட்டின் உடலுக்கு அறிமுகஞ் செய்துவிட்டால், பலவகைக் கோலைக் கிருமிகளையும் அதன் உடல் ஓரளவுக்கு இனங்கண்டுகொள்ளும். இதுவே அதன் சூழ்ச்சி. இதே ஜே 5 இனத்தோடு ஸ்ரபிலோகொக்கஸ் கிருமியையும் சேர்த்து ஆக்கிய ஊசி ஐரோப்பாவில் 2009 ஆம் ஆண்டில் அனுமதி பெற்றது. ஸ்ரெப்ரோகொக்கஸ் யூபரிஸ் என்னும் வேறொரு கிருமிக்கான ஊசி 2018 இல் அனுமதி பெற்றது.

இவற்றின் பயன் யாது? கோலைக் கிருமி மடிக்குட் புகுவதை ஜே 5 ஊசி தடுப்பதில்லை. புகுந்த பின் நோயின் கடுமையைக் குறைக்கின்றது. எழாமற் கிடந்து சாகவேண்டிய பசு, காய்ச்சலும் சிறிது மடிவீக்கமுமாய்த் தப்பிவிடும். இது சிறிய நன்மையன்று. இரண்டு கூட்டக் கிருமிகளுக்கும் எதிரான ஐரோப்பிய ஊசியைப் பிரித்தானியப் பண்ணைகளிற் சோதித்து 2015 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்விலும் ஏறத்தாழ இதுவே கண்டறியப்பட்டது. ஊசியேற்றிய மாடுகளில் மடியழற்சி கண்ட மாடுகளின் தொகை குறையவில்லை. கண்டவற்றில் நோய் தணிவாயிருந்தது. பாலும் சற்றுக் கூடுதலாகக் கிடைத்தது. ஸ்ரபிலோகொக்கஸ் கிருமியைப் பொறுத்தவரை, ஏற்கெனவே மடியிற் கட்டியாய்க் குடிகொண்டுவிட்டதை எந்த ஊசியும் வெளியேற்றுவதில்லை. இதனைத் தெளிவாக மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள். தடுப்பூசி மருந்தன்று. நோயுற்ற மாட்டுக்கு அதனை ஏற்றிவிட்டுச் சுகத்தை எதிர்பார்ப்பவர் பணத்தையும் காலத்தையும் ஒருங்கே இழப்பர்.

ஆகவே எவர்க்கு இது தகும்? என் கருத்து இது. ஜேர்சி, பிரீசியன் கலப்புப் பசுக்கள் பலவற்றை ஒரே கொட்டிலிற் கட்டி வளர்ப்பவர், மழைகாலத்தில் கொட்டில் நிலத்தை உலரவைக்க எவ்வளவு முயன்றும் இயலாதவர், சென்ற ஈற்றுக்களிற் கோலை மடியழற்சியால் மாடு இழந்தவர் ஆகியோர் இதைப் பற்றி அரச மிருகவைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும். உங்கள் பட்டியில் உள்ள கிருமி எது என்பதை அறிந்த பின்னரே எந்த ஊசி, ஊசி தேவைதானா என்பதை அவர் சொல்ல முடியும். ஒரு பசுவை வேலியோரம் மர நிழலிற் கட்டி வைத்திருப்பவர், அந்தப் பணத்தில் முதலிற் கொட்டிலுக்கு மணல் பறித்துப் பரவுவாராக.

ஊசி ஏற்றுவதானாற் காலந் தவறுதல் கூடாது. ஐரோப்பிய ஊசிக்கு விதித்த முறை பின்வருமாறு. கன்று ஈனும் நாளுக்கு 45 நாட்களின் முன் முதலாவது. அதிலிருந்து 35 நாட்களின் பின், அதாவது ஈனுவதற்கு 10 நாட்களின் முன், இரண்டாவது. அதிலிருந்து 62 நாட்களின் பின் மூன்றாவது. கழுத்துத் தசையில் ஏற்றப்படும். அடுத்த ஈற்றுக்கு முழுவதையும் மீண்டும் செய்தல் வேண்டும். ஏற்றியபின் ஏற்றிய இடம் வீங்கலாம், உடல் சிறிது காயலாம், அஞ்ச வேண்டியதில்லை. பாலை ஒதுக்கவும் வேண்டியதில்லை. மருந்து 2 முதல் 8 பாகை வரையான குளிரில் இருக்கவேண்டியது, உறையவும் கூடாது. சட்டைப்பையில் வைத்துச் சைக்கிளில் வெயிலிற் கொண்டுவந்த மருந்து வெறும் நீருக்குச் சமம்.

இதிலிருந்து உங்களுக்கு ஒரு வேலை பிறக்கின்றது. ஈனும் நாள் தெரியாதவர் 45 நாட்களை எங்கிருந்து எண்ணுவார்? சினைப்படுத்திய நாளைக் குறித்து வைத்தலே வழி. பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாட்கள். ஜனவரி 10 ஆந் திகதி சினைப்படுத்திய பசு ஒக்ரோபர் 17 ஆந் திகதியளவில் ஈனும். முதலாவது ஊசிக்குரிய நாள் செப்ரெம்பர் 2, இரண்டாவது ஒக்ரோபர் 7, மூன்றாவது டிசெம்பர் 8. பாருங்கள், பசு ஈனுவதும் பெரும்போக மழை பிடிப்பதும் கொட்டில் சேறாவதும் ஒரே காலம்! அக்காலத்தில் நீங்கள் வயலில் இருப்பீர்கள், மாட்டைப் பார்க்க நேரமிராது. விதைப்பு நாளைக் கலண்டரிற் குறிக்கும் நம்மவர் சினைப்படுத்திய நாளைக் குறிக்காமல் விடுவது எனக்கு எப்போதும் விளங்காத ஒன்று. செயற்கைமுறைச் சினைப்படுத்தலின்போது தரும் துண்டைக் கூரையிற் செருகிக் கறையானுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

ஊசி ஏற்றினும் ஏற்றாவிடினும் மடியைக் காப்பது பெரும்பாலும் கறப்பவரின் கையிலேயே தங்கியிருக்கின்றது. கறக்குமுன் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. மடியில் அழுக்கில்லையாயின் நீரூற்றி நனைக்கவே வேண்டாம். ஈரம் வடிந்து காம்பின் நுனியிற் கிருமியைச் சேர்க்கும். நனைத்தால் துடைத்து உலர்த்திய பின்னரே கறத்தல் வேண்டும். மாட்டுக்கு மாடு வேறு துணி. நம் பகுதியிற் பெருவிரலை மடித்து, அதன் கணுவாற் காம்பை அழுத்திக் கறக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. அது காம்பின் உட்புறத்தைக் காயப்படுத்தும். காயத்திற் கிருமி எளிதிற் குடியேறும். உள்ளங்கையாற் காம்பு முழுவதையும் பற்றிக் கறப்பதே முறை. விரலைப் பாலில் தோய்த்துக்கொண்டு கறப்பதும் கூடாது.

கறந்த முதற் பீச்சல்கள் சிலவற்றைக் கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் விட்டுப் பார்த்தல் வேண்டும். திரட்டோ தும்போ குருதியோ காணின் அம்மாட்டைக் கடைசியாகவே கறக்க வேண்டும். கறக்கும் ஒழுங்கும் முக்கியமானது: முதல் ஈற்றுப் பசுக்கள் முதலில், நோயற்ற மூத்த பசுக்கள் அடுத்து, மடி கெட்ட பசு இறுதியில். கறந்து முடிந்தவுடன் ஒவ்வொரு காம்பையும் அரை வீத அயடீன் கரைசலில் தோய்த்துவிடுக. கன்றை ஊட்டவிடுவதாயின் ஊட்டிய பின் தோய்க்கலாம். கன்று கடைசிப் பாலை ஊட்டி மடியை வெறுமையாக்குவது மடிக்கு நல்லதே. ஆனால் மடி கெட்ட மாட்டில் ஊட்டிய கன்றை வேறு மாட்டில் ஊட்டவிடாதீர்கள்.

கறந்த பின் காம்பின் துளை உடனே மூடுவதில்லை; அரை மணித்தியாலத்துக்கு மேலும் திறந்தே இருக்கும். அந்நேரத்தில் மாடு சாணத்தின் மேற் படுத்தால் கிருமிக்கு வாசல் திறந்துவிட்டதாகும். ஆதலால் தவிடும் புல்லும் கறந்த பின்னரே வையுங்கள். தின்னும் மாடு நிற்கும். செலவில்லாத இவ்வொரு முறையே பல மடிகளைக் காத்திருக்கின்றது. படுக்கைக்கு உலர்ந்த மணல் சிறந்தது. தச்சுப் பட்டறை மரத்தூள் இலவசமாகக் கிடைக்கின்றதென்று கொண்டுவந்து கொட்டுபவர் உண்டு. அது நனைந்தால் கிளெப்சியெல்லா என்னும் கொடிய கிருமி அதிற் பெருகும்.

பாலிற் கண்ணுக்குத் தெரியாத மடியழற்சியை அறிய ஒரு சோதனை உண்டு. 1957 ஆம் ஆண்டில் கலிபோர்ணியாவில் வகுத்த சோதனைமுறை ஒன்று உலகெங்கும் வழங்குகின்றது. அதற்குரிய திரவம் கையிலில்லையாயின் வீட்டுச் சலவைத்தூளே போதும். அரை லீற்றர் நீரில் 15 கிராம் தூளைக் கரைத்துக்கொள்ளுங்கள். நான்கு காம்பின் பாலையும் நான்கு வெள்ளைக் கிண்ணங்களிற் சிறிதளவு எடுத்து, ஒவ்வொன்றிலும் பாலின் அளவுக்கு அக்கரைசலை விட்டு, ஒரு நிமிடம்வரை மெல்லச் சுழற்றுங்கள். நோயற்ற பால் நீர்போல் ஓடும். நோயுற்ற காம்பின் பால் சோற்றுக்கஞ்சிபோல் தடித்து வழவழக்கும். நல்ல மடியின் பாலில் ஒரு மில்லிலீற்றரில் வெண்கலங்கள் முதலியன இரண்டு இலட்சத்துக்கு உட்பட்டே இருக்கும். நோயில் அவை பெருகுவதே இத்தடிப்புக்குக் காரணம். ஈன்று சில நாட்களுக்குள் கடும்புப் பாலிலும், வற்றப்போகும் பாலிலும் இது தடிக்குமாதலால் அக்காலங்களிற் செய்து ஏமாறாதீர்கள். மற்றைக் காலங்களில் மாதமொருமுறை செய்தால், பால் குறைந்த பின் வருந்தாமல் முன்னரே அறியலாம். சோதித்த பாலைக் கன்றுக்கோ பூனைக்கோ வைக்காமல் கொட்டிவிடுங்கள்.

நோய் கண்ட மடிக்கு மருந்து ஏற்றும் பொறுப்பு மிருகவைத்தியருடையது. கடையில் வாங்கிய குழாயை அரைவாசி இன்றும் மிகுதியை அடுத்த கிழமையும் ஏற்றுவது கிருமிக்கு மருந்தைப் பழக்குவதாகும். மருந்து ஏற்றிய மாட்டின் பாலை அவர் சொன்ன நாட்கள் முடியும்வரை விற்கக்கூடாது. வீட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுக்கக்கூடாது. மட்டக்களப்புப் பகுதியில் தயிர்ச்சட்டி உறையவைப்போர் இதை நன்கறிவர்: மருந்து கலந்த பால் உறைமோருக்கு மடங்காது, சட்டி முழுவதும் வீணாகும். மடிநோய்க்கு நல்ல வாய்ப்பான காலம் வற்றுக்காலம். ஈனுவதற்கு இரண்டு மாதங்களின் முன் பாலை வற்றச்செய்யும்போது, அதற்கென்றே உள்ள மருந்தை மடியில் ஏற்றலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். கறவைக் காலத்தில் அசையாத கிருமி சில அப்போது அழியும்.

மருந்துக்கும் ஊசிக்கும் முன்னர்க் கிருமி எது என்று அறிதல் வேண்டுமென்றேன். அதற்கு மாதிரிப் பாலை நீங்களே எடுத்துக் கொடுக்கலாம். சிறு கண்ணாடிப் போத்தலையும் மூடியையும் நீரிற் கொதிக்கவைத்து ஆறவிடுக. காம்பின் நுனியைச் சாராயச்சத்து நனைத்த பஞ்சால் நன்கு துடைத்து, முதல் மூன்று பீச்சலை நிலத்தில் விட்டு, அடுத்ததைப் போத்தலைச் சரித்துப் பிடித்து அதனுட் கறந்து உடனே மூடுக. எந்தக் காம்பு என்பதையும் திகதியையும் எழுதி ஒட்டி, பனிக்கட்டி வைத்த பெட்டியில் அன்றே மிருகவைத்திய அலுவலகத்திற் சேர்ப்பிக்குக. மருந்து ஏற்றுமுன்னரே இதைச் செய்தல் வேண்டும். ஏற்றிய பின் எடுத்த பாலிற் கிருமி இருந்தும் தென்படாமற் போகலாம்.